சுகிர்தம் யாரையும் நம்பியதில்லை

சுகிர்தமும் நானும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தோழிகள். அப்படி இருந்தும், என் வீட்டில் காபி குடிக்கும்போது சர்க்கரை போட்டாயிற்று என்று நான் சொன்னால் நம்ப மாட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டி, "ம், போட்டிருக்க" என்பாள். ஏதோ நான் இத்தனை வருஷமாக உப்பைப் போட்டு ஏமாற்றுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி.

இவளைப் பற்றி எழுத இந்த ராமசெல்விக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நாங்கள் இருவரும் ஒரே கூடைப்பந்து அணியில் ஆடியவர்கள். அவள் கேப்டன். நான் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய் அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்குகிறவள். இன்று அவள் ஆங்கர்ஸ் அணியின் கோச், நான் அதே அணியின் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாழைப்பழம் வாங்குவது, ரூம் போடுவது, தொலைந்த சாக்ஸைத் தேடுவது, இவ்வளவுதான். தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்காரருக்கு மிளகாய் மண்டி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து தும்முவதற்கு இது தேவலை.

ஆங்கர்ஸ் இப்போது பெண்களுக்கான தொழில்முறை லீக்கில் ஆடுகிறது. சட்டையில் நங்கூரம், ஏசி பஸ், டி.வி.யில் நேரலை எல்லாம் உண்டு. ஆனால் அது பிறந்த இடம் திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு பவுண்டரி. இரும்பை உருக்கி வால்வு வார்க்கிற ஆலை. வேறு ஏதோ கம்பெனிக்கு டீம் இருக்கிறதென்று எங்கள் முதலாளிக்கும் ஆசை வந்துவிட்டது. தேவப்பிரியம் சார் என்று ஒரு டிரில் மாஸ்டர், ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வீடு வீடாகப் படியேறி, உயரமான பெண்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் அவர் வந்தபோது அம்மா அவரைக் கல்யாணத் தரகர் என்று நினைத்து உட்காரவைத்து பஜ்ஜி கொடுத்தாள்.

வேலை தருகிறோம் என்றார்கள். தந்தார்கள், கேஷுவலாக, தினக்கூலிக்கு. கோப்பை ஜெயித்தால் பர்மனென்ட் என்றார்கள். ஜெயித்தோம். அடுத்த கோப்பைக்கு அப்புறம் என்றார்கள். அதையும் ஜெயித்தோம். அப்போதெல்லாம் சுகிர்தம் வாய்விட்டுச் சிரிக்கிற பெண். கேப்டன் என்ற முறையில் ஆபீசுக்குப் போய் கேட்டுவிட்டு வந்து, "சொல்லிட்டாங்க, தந்திருவாங்க" என்று எங்களைத் தேற்றுவாள். அவள் சொன்னதை நாங்களும் நம்பினோம். இன்றைக்கு யாராவது "தந்துவிடுவோம்" என்று சொன்னால் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

எங்கள் அணியில் பெயர் சொல்லும்படி ஒருத்தி இருந்தாள் என்றால் அது ரூத்தான். மற்றவர்களெல்லாம் ரிங்குக்கு அடியில் போய் அடித்துப்பிடித்துப் போடுவோம். ரூத் தூரத்தில் நின்று, அவசரமே இல்லாமல், கையைத் தூக்கிப் போடுவாள். வலை மட்டும் அசையும். அவள் போடுவதைப் பார்ப்பதற்காகவே ஷிப்ட் முடிந்த தொழிலாளிகள் வேலிக்கு வெளியே கூடிவிடுவார்கள். சுகிர்தத்துக்கும் அவளுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள்.

மூன்றாவது கோப்பை, மாநில அளவில். இறுதி ஆட்டம் ஊருக்குள் இருக்கும் இண்டோர் ஸ்டேடியத்தில். கூரைக்குக் கீழே, மரத்தரையில் நாங்கள் ஆடியது அதுதான் முதல் தடவை. ரூத் போட்ட பந்து ஒன்றுகூட விழவில்லை. ஒன்றுகூட என்றால் ஒன்றுகூட. சுகிர்தம் அவளிடம் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவள் தவறவிட்டுக்கொண்டே இருந்தாள். தோற்றோம். அடுத்த மாதமே ரூத், எங்களைத் தோற்கடித்த கம்பெனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினாள். அவர்கள் அவளுக்கு பர்மனென்ட் வேலை கொடுத்திருந்தார்கள்.

"வித்துட்டா" என்றாள் சுகிர்தம். அதோடு ரூத்தோடு பேச்சு நின்றது. அடுத்த வருஷமே பவுண்டரியையும் மூடிவிட்டார்கள். எங்கள் பர்மனென்ட் எங்கே போனது என்று இன்று வரை தெரியாது.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தச் சந்தேகப் பேய். சுகிர்தம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தாள். பெண் பார்க்க வந்தவரிடம் சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னாள். அவர் போனவர் போனவர்தான், இவளும் அதற்கு மேல் யாரையும் பார்க்கவில்லை. சாயங்காலமானால் பவுண்டரியின் பழைய கோர்ட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஆலை போனாலும் கோர்ட் கிடந்தது. எங்கள் பழைய டீமின் பெயரிலேயே சட்டை தைத்து, அந்தப் பெண்களை டோர்னமென்ட்டுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இதில் ஒரு சல்லி லாபமில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இனிமேல் நான் அவளைத் திட்டப்போகிறேன்.

வெளியூரில் ஆடப்போனால் விடுதிச் சமையலறைக்குள் நுழைந்து சாம்பாரை முகர்ந்து பார்ப்பாள். பந்தைக் கட்டை விரலால் அழுத்தி, காற்றை இறக்கியிருக்கிறார்கள் என்பாள். நடுவர் எதிர் அணி கோச்சைப் பார்த்துச் சிரித்தால், "பாத்தியா, பாத்தியா" என்று என் தொடையில் கிள்ளுவாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தும்தான் சிரித்தார் என்றேன் ஒருமுறை. அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

இப்படி இருந்தவளிடம்தான் ஞானதுரை வந்தார். எங்கள் இருவர் வீட்டாரையும் போலத் தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர், துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் தொழில், ராயபுரத்தில் பெரிய வீடு. லீக்கில் சென்னைக்கு ஒரு அணி எடுத்திருக்கிறேன், பழைய பவுண்டரி டீமின் தொடர்ச்சியாக அது இருக்க வேண்டும், நீங்கள் கோச்சாக வாருங்கள் என்றார். நல்ல மனிதர். சுகிர்தம் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "இதுல உங்களுக்கு என்ன?" அவர் சிரித்துக்கொண்டே, "விளம்பரம்தாம்மா" என்றார். உண்மையைச் சொன்னதால் அவரைப் பாதி நம்பினாள். அவளிடம் யாருக்கும் கிடைத்ததிலேயே அதுதான் பெரிய பங்கு.

திண்டுக்கல், கோயம்புத்தூர், கேரளா என்று பல ஊரிலிருந்து பெண்களை எடுத்தார்கள். எங்கள் கோர்ட்டிலேயே வளர்ந்து ஆங்கர்ஸுக்குள் வந்தவள் ஒருத்திதான், ஜஹானாரா. அப்பா சௌக்கத் அலி, காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ராயபுரத்துப் பெண் என்பது அவள் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். ரூத்துக்குப் பிறகு தூரத்திலிருந்து அப்படிப் போடுகிறவளை நான் பார்த்ததில்லை. அதுதான் வினையாகிவிட்டது என்று நினைக்கிறேன். சுகிர்தம் அவளை ரசித்துப் பார்க்கும்போதே உள்ளுக்குள் எதையோ தேடுவது மாதிரி இருக்கும்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் இண்டோர் ஸ்டேடியத்திலேயே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் ஆட்டங்களில் ஜஹானாரா பிய்த்து உதறினாள். ராயபுரம் டீக்கடைகளில் அவள் படம் ஒட்டினார்கள். பிறகு ஸ்டேடியத்தை ஏதோ மாநாட்டுக்கு விட்டுவிட்டதால் நடுவில் ஓர் இடைவெளி. வெயில் கொளுத்துகிற மே மாதம். பயிற்சியைத் திருவொற்றியூர் கோர்ட்டுக்கு மாற்றிக்கொண்டோம். திரும்ப ஸ்டேடியத்துக்குப் போய் ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஜஹானாரா தவறவிட்டாள். அடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான். இரண்டும் தோற்றோம்.

பெண்ணுக்கு நேரம் சரியில்லை என்று நான் விட்டுவிட்டேன். சுகிர்தம் விடுவாளா. வாழைப்பழத் தார் வாங்கப் போன என்னை, கல்மண்டபத்தில் ரோட்டோரமாக இழுத்து நிறுத்தினாள்.

"ஏட்டி செல்வி, அவ ஒரு வெள்ளைக் கார்ல வந்து எறங்குறா, பாத்தியா?"

"பாத்தேன். அண்ணன்னு சொன்னா."

"கார் வச்சிருக்க அண்ணன் இவ்வளவு நாளா எங்க இருந்தான்? புது போன் வேற வச்சிருக்கா. நான் பக்கத்துல போனா பேச்ச நிறுத்திருதா."

"நீ பக்கத்துல வந்தா நானே பேச்ச நிறுத்திருவேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் பந்தயம் கட்டுகிறவர்கள் ஆட்டக்காரர்களைப் பிடித்துவிடுகிறார்கள் என்று லீக்கில் எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்திருந்தார்கள். அந்த வகுப்பில் கண் கொட்டாமல் கேட்டது அவள் ஒருத்திதான்.

அவள் ஜஹானாராவிடமே நேராகக் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

"யாரு அந்தக் கார்க்காரன்?"

"பெரியம்மா பையன்க்கா. காஜா அண்ணன். காட்டுப்பள்ளி ஹார்பர்ல வேல. அந்த வண்டி அவங்க கான்ட்ராக்டரோடது, போற வழில என்னிய எறக்கி வுட்டுட்டுப் போவும்."

"முழுப் பேரு?"

"காஜா மொய்தீன்க்கா. ஏன், இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றாள் சுகிர்தம். அவள் ஒன்றுமில்லை என்றால் பத்து விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றிரவு அவள் வீட்டில் உட்காரவைத்து அந்த இரண்டு ஆட்டங்களையும் எனக்குப் போட்டுக் காட்டினாள். ஜஹானாரா தவறவிட்ட இடங்களில் மட்டும் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். எல்லாப் பந்தும் ரிங்கின் வலது ஓரத்தில் பட்டுத்தான் வெளியே போயிருந்தது.

"தெரியாம தப்பவிடுறவளுக்கு பந்து நாலு பக்கமும் போகும்" என்றாள். "இவளுக்கு ஒரே பக்கம் போகுது. அப்படின்னா கை சரியாத்தான் இருக்கு. எங்க போடணுமோ அங்கதான் போடுறா."

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது சரியாகத்தானே படுகிறது. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தபோது மனசு ஒப்பவில்லை. "அவசரப்படாத சுகி, அவ வாழ்க்கை போயிரும்" என்றேன். லீக்கில் ஒருத்தி பந்தயக்காரர்களுக்கு ஆடினாள் என்று நிரூபணமானால் ஆயுள் தடை. அப்புறம் அவள் எந்த ஊரிலும் எந்த டீமிலும் காலை வைக்க முடியாது. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு வேறு அவள் மனுப் போட்டிருந்தாள். ராயபுரத்தில் ஒட்டிய படங்களின் மேல் சாணியடிப்பார்கள்.

"ரூத்த நான் விட்டேன்" என்றாள் சுகிர்தம். "ரெண்டாம் தடவ விட மாட்டேன்."

மறுநாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஞானதுரையிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் பயந்துபோய் லீக்குக்குச் சொல்லிவிட்டார். விசாரணைக்கு ஓர் அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. கோச்சே வாக்குமூலம் கொடுத்தால் வேறு சாட்சி எதற்கு. எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அவளிடம் பேசக்கூடாது என்று இருந்தேன். ஆனால் மேனேஜர் வேலையில் அது நடக்கிற காரியமா.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் ஸ்டேடியத்தில் பயிற்சி. அரையிறுதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஞானதுரையும் வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜஹானாரா தூரத்திலிருந்து போட்டாள், வலது ஓரத்தில் பட்டது. மறுபடி போட்டாள், மறுபடி வலது ஓரம். சுகிர்தம் விசிலை ஊதினாள். அத்தனை பெண்களும் நின்றுவிட்டார்கள்.

"போதும்டி. யாரு முன்னால நடிக்க? உன்ன வாங்குனது யாரு, அத மட்டும் சொல்லு."

ஜஹானாராவுக்கு முதலில் புரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் புரிந்தது. "இன்னாக்கா சொல்றீங்க" என்றாள். "ஒங்க கையால கத்துகினவக்கா நானு. போட்டா வுய மாட்டுது. ராவுல தூக்கம் இல்ல எனக்கு. இன்னா தப்பு பண்றேன்னு நீங்களாவது சொல்லுவீங்கன்னு பாத்துகினு கீறேன், நீங்க இன்னான்னா..."

"விழ மாட்டேங்குதா? பந்து என்ன தானாவா வலது பக்கம் போகுது?" சுகிர்தம் செருப்பைக் கழற்றி உதறினாள். பக்கத்தில் நின்ற பெண்ணிடமிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு, ஜஹானாரா நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். "பொய் சொல்லாத கை எப்படிப் போடும்னு பாரு."

அவள் பந்து போட்டு நான் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. ஸ்டேடியத்துக்குள் பெஞ்சில் உட்கார்ந்து கத்துவதோடு சரி, பந்தைத் தொடுவதில்லை. ஆனால் அந்த நிற்கிற விதம், முழங்காலை மடக்குவது, கையை உயர்த்தி மணிக்கட்டை மடித்து விடுவது எல்லாம் அப்படியே இருந்தது. பந்து அழகாக எழும்பிப் போனது. ரிங்கின் வலது ஓரத்தில் பட்டு வெளியே விழுந்தது.

"உடம்பு சூடாகல" என்றாள். இன்னொன்று போட்டாள். வலது ஓரம். மூன்றாவது ரிங்கையே தொடாமல் வலது பக்கமாகப் போயிற்று. ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து மறுபடி போட்டாள். எத்தனை போட்டாள் என்று நான் எண்ணவில்லை. முகமெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கி, கடைசியில் பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஜஹானாரா அவள் பக்கத்தில் போனாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நீங்க யாருக்கு வித்தீங்கக்கா?"

அப்போதுதான் ஜெமிமா மெதுவாகக் கையைத் தூக்கினாள். வகுப்பில் டீச்சரிடம் கேட்பது மாதிரி. திண்டுக்கல்லில் இருந்து வந்த பெண், அதிகம் பேசாதவள்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? திருவொற்றியூர் கோர்ட்ல நான் தூரத்துல இருந்து போட்டா எல்லாமே இடது பக்கமாப் போகும். ஜஹா போட்டா விழும். இங்க வந்தா எனக்கு விழுது, ஜஹாவுக்கு வலது பக்கமாப் போகுது. அங்க சாயங்காலமானா வலது பக்கம் கடல்ல இருந்து அப்படி ஒரு காத்து அடிக்குதுல்ல. நீங்க ரெண்டு பேரும் காத்துக்குன்னு சேத்து வலது பக்கமாவே போட்டுப் பழகிட்டீங்க. இங்க காத்து இல்லையே மேடம்."

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. அந்தக் கோர்ட்டில் ஒரு பக்கத்து போர்டை நாங்கள் ஆட வருவதற்கு முன்பே புயல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பது வடக்கு ரிங். அதைப் பார்த்து நின்றால் கடல் எப்போதும் வலது கைப் பக்கம்தான். கடலுக்கு என்று கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தள்ளிப் போட்டால் விழுந்தது, அதனால் அப்படியே போட்டோம். கைக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. சீசன் தொடக்கத்தில் இண்டோரிலேயே கிடந்து ஜஹானாராவின் கை மாறியிருந்தது. மே மாதக் காற்றில் மறுபடி எங்கள் கோர்ட்டுக்கு வந்ததும் பழையபடி திரும்பிவிட்டது.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்று நான்தான் கேட்டேன்.

ஜெமிமா தயங்கினாள். "மேடம்கிட்ட யார் எது சொன்னாலும், இத ஏன் சொல்றன்னு கேப்பாங்க. அதான்."

ஞானதுரை எழுந்து வந்தார். எல்லோரையும் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, தணிந்த குரலில் சுகிர்தத்திடம் பேசினார். "புகார் போயாச்சும்மா. இப்ப நீங்க மாத்திச் சொன்னா உங்க மேல திரும்பும். எனக்கு உறுதியாத் தெரியல, சந்தேகம்தான்னு மட்டும் சொல்லுங்க. இந்த சீசன் மட்டும் அந்தப் புள்ளைய உக்கார வச்சிருவாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் அடிபட்டால் யாருக்கும் வலிக்காது என்பது வியாபாரிகளின் நினைப்பு. என் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

பஸ்ஸில் ஏற சுகிர்தத்துக்கு மனசில்லை. இருவரும் ஆட்டோ பிடித்தோம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது. கல்மண்டபம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"செல்வி. ரூத்து போட்ட பந்தெல்லாம் எந்தப் பக்கம் போச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று ஸ்டேடியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மறந்துபோயிற்று என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் நான் அன்றைக்கு ரிங்குக்கு அடியில் வலது பக்கம் நின்றேன். ரூத் தவறவிட்ட பந்தையெல்லாம் எட்டிப் பிடித்தது நான்தான்.

"என் பக்கந்தான் வந்துச்சு. வலது பக்கம்."

"அப்புறம் ஏன் அந்த கம்பெனிக்குப் போனா?"

"வேலை குடுத்தாங்க, போனா. நமக்குக் குடுத்திருந்தா நாமளும் போயிருப்போம்."

"விக்கலன்னு சொல்ல வர்றியா?"

"எனக்கு என்னட்டி தெரியும்? மீஞ்சூர்லதான் இருக்கா. போய்க் கேளு."

அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "கேட்டா மட்டும், அவ சொல்றத நான் நம்பிருவேனா" என்றாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. இத்தனை வருஷம் ஒருத்தியைத் திருடி என்று நினைத்துக்கொண்டு, அதையே கண்ணாடியாக மாட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்திருக்கிறாள். அந்தக் கண்ணாடியில் விரிசல் விழுந்த பிறகும் கழற்றத் தெரியவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர். மழமழவென்று சவரம் செய்த முகம், எதைச் சொன்னாலும் அசையாத கண்கள். ஸ்டேடியத்தின் ஆபீஸ் அறையில் சுகிர்தத்தை உட்காரவைத்தார். மேனேஜர் என்று என்னையும் உட்காரச் சொன்னார். ஞானதுரை சொல்லிக்கொடுத்த வார்த்தையைத்தான் அவள் சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு எந்தத் தப்பும் பண்ணல சார்" என்றாள் சுகிர்தம். "எனக்கு சந்தேகம்கூட இல்ல. தப்பு என்னோடது. எங்க கோர்ட்டு கடலோரம். காத்துக்காக பந்த வலது பக்கமாப் போட்டுப் பழகின கை. நானே நேத்து போட்டுப் பாத்தேன், எனக்கும் விழல."

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். "காத்தா?"

"ஆமா சார்."

"போன வாரம் நீங்க புகார் சொன்னப்ப காத்து அடிக்கலையாம்மா?" அவர் முன்னால் சாய்ந்தார். "அப்ப அவ ஆள் வச்சிருக்கா, கார்ல வர்றா, போன்ல பேசுறான்னீங்க. இப்ப தங்கமான பொண்ணுங்குறீங்க. நடுவுல உங்ககிட்ட யார் வந்து பேசினாங்க?"

"யாரும் பேசல."

"அவங்க வீட்டுல இருந்து யாராவது?"

"இல்ல சார்."

"நாளைக்கு அரையிறுதி. அவ ஆடுனா யாருக்கு லாபம்?"

அந்தக் கேள்விகள் எனக்குப் புதிதல்ல. அத்தனையும் சுகிர்தம் வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் கேட்டவை. அந்தக் குரல்கூட அவள் குரல் மாதிரியே இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து, "சார், நானும் அந்த டீம்ல ஆடினவதான், அவ சொல்றது உண்மை" என்றேன். அவர் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நீங்கள் இருவரும் தோழிகளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"நீங்க மாத்திச் சொன்னா, புகார் நிக்காது. அந்தப் பொண்ணு ஆடலாம்" என்றார் சுகிர்தத்திடம். "ஆனா மாத்திச் சொன்னதுக்குக் காரணம் எனக்கு நம்புற மாதிரி இல்ல. அது தெரியுற வரைக்கும் நீங்க பெஞ்சுல உக்கார முடியாது. அதுக்கு மாசக்கணக்கா ஆகலாம், கோச் வேலையே போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க. உறுதியாத் தெரியலன்னு சொல்லணும்னாலும் இப்ப சொல்லலாம்."

"எழுதிக்குங்க சார்" என்றாள் சுகிர்தம். "அவ பண்ணல. எனக்கு உறுதியாத் தெரியும்."

இன்னொருவருக்காக அவள் உறுதி சொல்லி, இளம் வயதுக்குப் பிறகு நான் அன்றுதான் கேட்டேன்.

வெளியே வராந்தாவில் ஜஹானாரா கிட் பேகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"உன் மேல ஒண்ணுமில்ல. நாளைக்கு நீ ஆடலாம்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "ஒங்க மேல?"

"என்னச் சந்தேகப்படுறாங்க" என்றாள் சுகிர்தம். "அது முடியுற வரைக்கும் நான் பெஞ்சுக்கு வர முடியாது."

ஜஹானாரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு செய்திருக்கிறாளே, ஏதாவது இதமாகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"எனக்கும் சந்தேகந்தான்க்கா" என்றாள். "இனிமே நீங்க நல்லா ஆடுனன்னு சொன்னாக்கூட, மனசுல வேற இன்னாவோ வச்சிகினுதான் சொல்றீங்கன்னு தோணும். நான் இன்னா பண்ணட்டும்."

சுகிர்தம் வழி விட்டு ஒதுங்கி நின்றாள். ஜஹானாரா பேகைத் தோளில் மாட்டிக்கொண்டு, பயிற்சிக்கு நேரமாகிறது என்று உள்ளே போனாள்.